கோத்தகிரியிலிருந்து ஒரு கேள்வி: காட்டுயிர் ஓவியப் போட்டிக்குப் புலியை அனுப்பலாமா?

சோலையோரம் எழுதியது:

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படிக்க மட்டும்தான் வருகிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை, தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோத்தகிரிப் பக்கம் இருக்கிறேன். வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் தேயிலைத் தோட்டம், நான் தையல் கடை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒவ்வொரு அக்டோபரும் வனவிலங்கு வாரத்துக்குப் படம் வரையச் சொல்வார்கள், அதில் ஒரு தடவை இரண்டாம் பரிசாக டிபன் பாக்ஸ் கிடைத்தது, அந்த டப்பாவில்தான் இப்போது என் மகள் சோறு கொண்டு போகிறாள். பரிசோடு வரைவதும் நின்றுபோனது. மூன்று வருஷம் முன்பு அவளுக்கு வாட்டர் கலர் வாங்கிக் கொடுத்தோம், அவள் நாலு நாளில் தூக்கிப் போட்டுவிட்டாள், நான் எடுத்துக்கொண்டேன். ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு ஒரு மணி நேரம் வரைவேன்.

விஷயத்துக்கு வருகிறேன். கோயம்புத்தூரில் இருக்கும் சித்தி பையன் ஒரு போட்டி அறிவிப்பை அனுப்பியிருக்கிறான். வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று நடத்துகிறது, எந்த நாட்டுக்காரரும் கலந்துகொள்ளலாம், முதல் சுற்றுக்குப் படத்தை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றினால் போதும். தேர்வானால் அசலை அனுப்ப வேண்டும், அங்கே கண்காட்சியில் வைத்து விற்பார்கள், விற்ற பணத்தில் பாதி நமக்கு, பாதி காட்டு விலங்குகளின் வாழிடத்தைக் காப்பாற்றுவதற்கு என்று போட்டிருக்கிறது. நுழைவுக் கட்டணம் நம் காசுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு பக்கம் வருகிறது. லைனிங் வைத்து ஐந்து பிளவுஸ் தைத்தால் வரும் காசு அது. பச்சைத் தேயிலை விற்கிற விலையில் வீட்டுக்காரரிடம் கேட்க மனசு வரவில்லை.

என்னிடம் ஒரு புலி இருக்கிறது. ஏ3 தாளில், முகம் மட்டும், நேராகப் பார்க்கிற மாதிரி. இணையத்தில் கிடைத்த ஒரு போட்டோவைப் பார்த்து இரண்டு மாசம் வரைந்தேன், மீசை முடி ஒவ்வொன்றும் தெரியும். பார்த்தவர்கள் எல்லாம் போட்டோ மாதிரியே இருக்கிறது என்கிறார்கள். இதை அனுப்பலாமா, போட்டோ எடுத்தவரிடம் கேட்க வேண்டுமா, அந்தப் பாதிப் பணம் நிஜமாகவே காட்டுக்குப் போகுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அப்புறம் இன்னொன்று. தாளின் ஓரத்தில் சின்னச் சின்னதாகப் பழுப்புப் புள்ளி வந்திருக்கிறது, அதைப் போக்க வழி உண்டா? கடைசி தேதிக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது.

—

மை_தொட்டவன்:

அக்கா, புலியை அனுப்ப வேண்டாம்.

போட்டோ மாதிரியே இருக்கிறது என்பதுதான் சிக்கலே. ஒரு புலிக்கு இருக்கும் வரி இன்னொரு புலிக்கு இருக்காது, நம் கைரேகை மாதிரி. முதுமலையில் தானியங்கி கேமரா வைத்துப் புலிகளை எண்ணுவதே அந்த வரியை வைத்துத்தான். நீங்கள் மீசை முடி வரைக்கும் அச்சாக வரைந்திருந்தால் வரியும் அச்சாகத்தான் இருக்கும், அது எந்தப் புலி, யார் எடுத்த எந்தப் படம் என்று கண்டுபிடிக்க ஐந்து நிமிஷம் ஆகாது. அப்படி ஒன்று வெளியே வந்தால் கட்டணமும் போச்சு, பேரும் போச்சு. எடுத்தவரிடம் எழுதிக் கேட்டு அவர் சரி என்றால் சில போட்டிகளில் ஏற்பார்கள், சிலவற்றில் அதுவும் கிடையாது, விதிமுறையில் படப் பிரதி பற்றி ஒரு பத்தி கட்டாயம் இருக்கும், அதை முதலில் படியுங்கள்.

போதாததற்கு இந்த மாதிரிப் போட்டிகளுக்கு வருவதில் பாதி புலி முகம், மீதி யானைக் கண். நடுவர் கண்ணுக்குப் பழகிப்போயிருக்கும்.

—

பாம்பாற்றங்கரை:

மேலே தம்பி சொன்னது சரிதான், ஆனால் பயமுறுத்துகிற மாதிரி சொல்லிவிட்டார். அந்தப் புலி உங்கள் கைக்குப் பயிற்சி, வீணில்லை, சட்டம் போட்டு வீட்டில் மாட்டுங்கள்.

நான் கொடைக்கானல். கொஞ்ச வருஷம் முன்பு இதே மாதிரி ஒரு போட்டிக்கு அனுப்பித் தோற்ற கதையைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவும். எங்கள் ஊரில் காட்டுமாடு தெருவுக்குள் வருவது எல்லோருக்கும் தெரியும். ஒரு சாயங்காலம் பைன் காட்டில் ஒன்று நின்றது. மேலே எல்லாம் கறுப்பு, முழங்காலுக்குக் கீழே மட்டும் யாரோ வெள்ளை சாக்ஸ் மாட்டிவிட்ட மாதிரி, பின்னால் வரிசை வரிசையாக நேர்க்கோடு போட்டது போல பைன் மரம், நடுவில் பனி இறங்குகிறது. நின்ற இடத்திலேயே பென்சிலில் கிறுக்கி வந்து அக்ரிலிக்கில் பெரிதாக வரைந்தேன். எனக்கே பிடித்திருந்தது. தேர்வாகவில்லை. நடுவர் குறிப்பு என்று இரண்டு வரி வந்தது: விலங்கு நன்றாக வந்திருக்கிறது, ஆனால் இந்த மரங்கள் அதன் வாழிடம் இல்லை.

எனக்குக் கோபம் வந்தது. நான் பார்த்ததைத்தானே வரைந்தேன்! அப்புறம் யோசித்தால் அவர் சொன்னதில் அர்த்தம் இருக்கிறது. பைன், சீகை (வாட்டில் மரம்), தைல மரம் எல்லாம் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை. இந்த மலையின் மேல்பகுதி சோலையும், அதாவது மலை மடிப்புகளில் அடர்ந்து நிற்கும் காடும், புல்வெளியுமாக இருந்தது, புல்வெளியை வெறும் தரிசு என்று நினைத்து மரம் நட்டார்கள். வாழிடத்தைக் காப்பாற்றப் பணம் திரட்டும் போட்டிக்குப் போய், வாழிடம் பறிபோன இடத்தை அழகான பின்னணியாக வரைந்து கொடுத்திருக்கிறேன்.

இன்னொரு எச்சரிக்கை, பறவை வரைவதாக இருந்தால். இணையத்தில் பெயரைத் தட்டி வரும் படத்தை நம்பாதீர்கள். நீலகிரிக்கும் பழனி மலைக்கும் நடுவில் பாலக்காட்டுக் கணவாய் இருக்கிறது, சில மலைப் பறவைகள் அந்தப் பள்ளத்தைத் தாண்டுவதில்லை, அதனால் அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று என்று பிரிந்துவிட்டன. சிரிப்பான் குருவி உங்கள் ஊரில் நெஞ்சும் வயிறும் செம்பழுப்பு, எங்கள் ஊரில் இருப்பதற்கு நெஞ்சு சாம்பல். சோலைகளுக்குள் தரையோரம் துள்ளும் நீலக்குருவியும் அப்படியே, உங்களுடையதற்கு வயிற்றோரம் செம்மை, எங்களுடையதற்கு வெள்ளை. முன்பெல்லாம் இந்த நீலக்குருவி இரண்டையும் ஒன்றாகவே எழுதிவந்தார்கள், அதனால் பழைய படங்களில் பெயர் குழம்பிக் கிடக்கிறது. நீலகிரி என்று தலைப்புப் போட்டு எங்கள் கொடைக்கானல் பறவையை வரைந்து அனுப்பியவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

புள்ளி பற்றி எனக்குத் தெரியாது, இங்கே குன்னூர் பிரேம்காரர் ஒருவர் இருக்கிறார், வருவார்.

—

மை_தொட்டவன்:

அண்ணா, உங்கள் நடுவரோடு நான் ஒத்துப்போக மாட்டேன். காட்டுமாடு பைனுக்குள் நிற்கிறது என்பது இன்றைய நிஜம். சோலையில் நிற்பதாக வரைந்திருந்தால் அதுதான் பொய்.

—

பாம்பாற்றங்கரை:

ஒத்துக்கொள்கிறேன் தம்பி. ஆனால் நான் அந்தப் படத்துக்கு வைத்த தலைப்பு 'பனியின் அரசன்'. தலைப்பிலாவது பைனைப் பற்றி ஒரு வார்த்தை இருந்திருக்கலாம், குறிப்பு எழுதும் இடத்தையும் காலியாக விட்டிருந்தேன். பார்த்தவருக்கு என்ன தெரியும்?

—

கூடலூர்_தவிட்டுக்குருவி:

ஓவியம் எப்படி வரைவது என்று எனக்குத் தெரியாது, காசு விஷயம் மட்டும் பேசுகிறேன்.

அக்கா, 'பாதி வாழிடப் பாதுகாப்புக்கு' என்று எழுதுவது ரொம்பச் சுலபம். எந்த வாழிடம், எந்த ஊர், போன வருஷம் எவ்வளவு கொடுத்தார்கள், யார் வாங்கினார்கள், இதெல்லாம் அவர்கள் தளத்தில் இருக்கிறதா பாருங்கள். பதிவு பெற்ற அறக்கட்டளை என்றால் ஆண்டுக் கணக்கு வெளியே இருக்கும். இங்கிலாந்து என்றால் அங்கே அறக்கட்டளைகளுக்கான ஆணையத்தின் தளத்தில் பதிவு எண்ணைப் போட்டால் வரவு செலவே காட்டும். எண்ணே போடவில்லை என்றால் ஐந்து பிளவுஸ் காசை பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். விதிமுறையில் இன்னொரு இடத்தையும் பாருங்கள், 'அனுப்பும் படங்களை எங்கள் பயன்பாட்டுக்கு எடுத்துக்கொள்வோம்' என்று ஒரு வரி இருக்கும். போட்டி விளம்பரத்துக்கு என்றால் சரி. எதற்கும், எப்போதும் என்றால் யோசியுங்கள். என் நண்பன் ஒருவன் வரைந்த கரடி ஒரு காலண்டரில் வந்தது, அவனுக்கு அந்தக் காலண்டரில் ஒரு பிரதி கூடக் கொடுக்கவில்லை, கடையில் காசு கொடுத்து வாங்கினான்.

கலை காட்டைக் காப்பாற்றுமா என்று கேட்டால் நான் முன்பு சிரித்திருப்பேன். இப்போது சிரிப்பதில்லை. காரணம் எங்கள் ஊரில் உண்ணிச்செடியில் செய்கிற யானை. உண்ணிச்செடி எப்படிக் காட்டை மூடுகிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, முதுமலைப் பக்கம் பல இடங்களில் புல்லே முளைக்க விடாமல் புதராக நிற்கிறது, மான் மேய இடம் இல்லை. அந்தச் செடியை வெட்டி, குச்சியை வேகவைத்துத் தோல் உரித்து, இரும்புக் கம்பிச் சட்டத்தின் மேல் வளைத்து வளைத்துக் கட்டி, ஆளுயரத்துக்கு மேல் யானை செய்கிறார்கள். பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளகர் மக்கள்தான் செய்வது. இந்தக் காட்டில் உலாவுகிற நிஜ யானைகளைப் பார்த்து அளவெடுத்த மாதிரி செய்வார்கள், இது இன்ன யானை என்று அவர்களால் பேர் சொல்ல முடியும். 2021இல் லண்டன் பூங்காக்களில் நின்றன, 2024இல் நூறு யானை அமெரிக்காவுக்குப் போய் ஊர் ஊராகச் சுற்றின. விற்ற காசு மனிதரும் விலங்கும் ஒரே இடத்தில் வாழ்வதற்கான வேலைகளுக்குப் போகிறது. இதில் ஒரு யானை விற்கவில்லை என்றாலும் அவ்வளவு உண்ணிச்செடி காட்டை விட்டு வெளியே வந்துவிட்டது, அது எனக்குப் பிடித்த கணக்கு.

அதற்காக நீங்களும் யானை கட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. சும்மா சொன்னேன்.

—

பழைய_தபால்காரர்:

வணக்கம் அம்மா. ஊட்டியில் தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், தபால்தலை சேகரிப்பவன். கூடலூர்த் தம்பி கணக்குக் கேட்டாரே, கணக்கு நேராக இருக்கும் ஒரு போட்டி உண்டு, ஆனால் அது நமக்கு இல்லை. அமெரிக்காவில் வாத்துத் தபால்தலை (டக் ஸ்டாம்ப்) என்று ஒன்று, 1934இல் ஆரம்பித்தது. தபாலுக்கு ஒட்டுகிற தலை கிடையாது, நீர்ப்பறவை வேட்டைக்குப் போகிறவருக்குப் பதினாறு வயது ஆகிவிட்டது என்றால் அதை வாங்கியே ஆக வேண்டும், உரிமச்சீட்டு மாதிரி. இப்போது விலை 25 டாலர். அதில் ஒவ்வொரு டாலருக்கும் 98 சென்ட் சதுப்பு நிலம் வாங்குவதற்கும் குத்தகைக்கு எடுப்பதற்கும் போகிறது. இதுவரைக்கும் 60 லட்சம் ஏக்கருக்கு மேல் காப்பாற்றியிருக்கிறார்கள். நம் நீலகிரி மாவட்டத்தைப் போல ஒன்பது மாவட்டம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் தலையை வரைந்தவர் டிங் டார்லிங் என்ற கேலிச்சித்திரக்காரர், அப்போது அந்நாட்டு அரசின் காட்டுயிர்த் துறைக்கே தலைவராக இருந்தார். 1949இலிருந்து யாரும் கலந்துகொள்ளலாம் என்று திறந்த போட்டி ஆக்கினார்கள், யாரும் என்றால் அந்த நாட்டவர். படம் 10 அங்குலம் அகலம், 7 அங்குலம் உயரம், அவ்வளவுதான், அதைச் சுருக்கித் தலையில் போட்டாலும் பறவை பறவையாகத் தெரிய வேண்டும். ஐந்து நடுவர்கள். ஜெயித்தவருக்கு அரசு பணம் தருவதில்லை, அமைச்சர் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் தபால்தலை தருவார்கள். ஆனால் அந்த ஓவியத்தின் பிரதியை விற்றே ஓவியர் நன்றாகச் சம்பாதித்துவிடுவார்.

என்னிடம் ஒன்று இருக்கிறது, பரிமாற்றத்தில் வந்தது. இரண்டு வாத்து தண்ணீரில் இறங்குகிற படம், அதன் குறுக்கே நீல மையில் ஒரு கையெழுத்து. வாங்கிய வேட்டைக்காரர் தலையின் மேலேயே கையெழுத்துப் போட வேண்டும் என்பது சட்டம், இல்லாவிட்டால் செல்லாது. சேகரிப்பவர்கள் கையெழுத்து இல்லாத புதுத் தலையைத்தான் விரும்புவார்கள். எனக்கு இதுதான் பிடிக்கும். யாரோ ஒருவர் சுடுவதற்காகக் கட்டிய காசு, அதே பறவை இறங்குவதற்கு ஒரு குளமாக ஆகியிருக்கிறது, அதற்கு அவர் கையெழுத்தே சாட்சி. அதில் வாத்தின் கால் தண்ணீரைத் தொடும் இடத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தேன், தெறிக்கிற நாலு துளியும் எண்ணலாம்.

நான் சொல்ல வந்தது, அங்கே ஜெயிக்கிற படங்களில் பறவை மட்டும் இருக்காது அம்மா, கோரைப் புல்லும் இருக்கும், தண்ணீரும் இருக்கும், வானமும் இருக்கும். உங்கள் புலிக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

—

சோலையோரம்:

புலிக்குப் பின்னால் கறுப்பு இருக்கிறது சார். முழுக்கக் கறுப்பு. கேட்டதும் சிரித்துவிட்டேன்.

நிஜமாகச் சொல்கிறேன், நான் புலியைப் பார்த்ததே இல்லை. இருமல் சத்தம் மாதிரி ஒன்று கேட்டது, புலிதான் என்று மாமனார் சொன்னார், அவ்வளவுதான். கரடியைப் பார்த்திருக்கிறேன், கடைக்குப் பின்னால் ரேஷன் கடைக் கதவைப் பிறாண்டிவிட்டுப் போனது. காட்டெருமை தினம் தேயிலைக்குள் நிற்கும். வரையாடு வரையலாமா என்று யோசித்தேன், நம் மாநில விலங்கு ஆயிற்றே, சங்கப் பாட்டிலேயே வருடை என்று வருகிறது என்று தமிழ் டீச்சர் சொல்லிக் கொடுத்தது ஞாபகம் இருக்கிறது. ஆனால் அது இருக்கும் முக்குறுத்தித் தேசியப் பூங்காப் பக்கம் போக வனத்துறை அனுமதி வேண்டும், ஆறு வாரத்தில் நடக்காது.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பது லாங்வுட் சோலை. 116 ஹெக்டேர்தான், சுற்றிலும் ஊரும் தோட்டமும், நடுவில் இது மட்டும் இருட்டாக நிற்கும். கீழே இருக்கும் பல ஊருக்குத் தண்ணீர் இங்கிருந்துதான். 2024 ஜனவரியில் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்த்தார்கள், அன்றைக்கு எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் மாலை படம் போட்டார்கள். அதில் என்ன வரைவது என்றுதான் தெரியவில்லை. சின்னச் சின்னக் குருவிகள், பிடிபடாது.

கட்டணம் பற்றி: பதிவு எண் இருக்கிறது, தட்டிப் பார்த்தேன், கணக்கு வருகிறது. எந்தெந்த ஊருக்குக் கொடுத்தார்கள் என்றும் இருக்கிறது. படங்களைப் போட்டி விளம்பரத்துக்கும் கண்காட்சிப் புத்தகத்துக்கும் மட்டும் பயன்படுத்துவோம் என்கிறார்கள். கூடலூர் தம்பிக்கு நன்றி.

—

பாம்பாற்றங்கரை:

லாங்வுட் பக்கத்திலேயே இருந்துகொண்டு புலி வரைந்தீர்களா! நீலகிரி காட்டுப்புறாவை வரையுங்கள். குருவி மாதிரி ஓடாது, பெரிய உருவம், பழ மரத்தில் உட்கார்ந்தால் நெடுநேரம் உட்காரும். மேற்குத் தொடர்ச்சி மலையையும் தென்னிந்தியாவின் சில குன்றுகளையும் விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. கருமந்தி கூவுகிற மாதிரி ஒரு 'ஹூ', அதற்குப் பின்னால் தாழ்ந்த குரலில் நாலைந்து 'ஹூ' கேட்டால் அதுதான். பிடரியைப் பாருங்கள், கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கக் கட்டம் போட்டிருக்கும். கட்டம் இல்லாமல் இன்னும் பெரிதாக ஒரு சாம்பல் புறா வந்தால் அது வேறு, ஏமாந்துவிடாதீர்கள்.

காட்டுக்குள் போக வேண்டாம், ஓரத்தில் நின்றாலே போதும், விடிகாலையில் தனியாகவும் போக வேண்டாம், கரடி இருக்கிற ஊர்.

—

குன்னூர்_சட்டக்கடை:

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும், சீசன் நேரம்.

பழுப்புப் புள்ளி பெரும்பாலும் பூஞ்சைக் காளான் அம்மா. நம் ஊர் ஈரத்தில் தாளுக்குள் இறங்கிவிட்டால் போகாது, ப்ளீச் போட்டுத் துடைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், தாளே உளுத்துப்போகும். அந்தத் தாளைத் தனியாக வையுங்கள், மற்ற தாளோடு வைத்தால் அதற்கும் பரவும். புதுசுக்கு 300 ஜிஎஸ்எம் கனமுள்ள முழுப் பருத்தித் தாள் வாங்குங்கள், விலை கூடத்தான், ஒரு பெரிய தாளை வாங்கி நாலாக வெட்டிக்கொண்டால் கட்டுப்படியாகும். தாளைச் சுவரை ஒட்டிய பீரோவில் வைக்காதீர்கள். நம் வீட்டுச் சுவர் ஜூன், ஜூலையில் வியர்க்கும், அந்தத் தண்ணீர் அத்தனையும் தாள்தான் குடிக்கும். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டியில், செருப்பு டப்பாவிலும் மாத்திரை டப்பாவிலும் வரும் சிலிக்கா பொட்டலங்களைச் சேர்த்துப் போட்டு வையுங்கள். தையல் கடைக்காரர் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா, பட்டுப்புடவை எப்படி வைப்பீர்களோ அப்படி.

இன்னொரு தொல்லை, பனி நாளில் வாட்டர் கலர் காயாது. காய்ந்துவிட்டது என்று நினைத்து அடுத்த பூச்சுப் போடுவீர்கள், அடியில் ஈரம் இருக்கும், நிறம் காலிஃபிளவர் மாதிரி விரிந்துவிடும். வானம் வரையும்போது இது நடந்தால் அழுகை வரும். தலைமுடி உலர்த்தும் கருவியைத் தூரமாகப் பிடித்துக் காட்டுங்கள், இல்லை அடுப்படியில் சாய்த்து வையுங்கள். கும்முட்டி அடுப்புப் பக்கம் வைக்கிறேன் என்று சிலர் சொல்வார்கள், புகைக்கரி படியும், அதோடு ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு கும்முட்டி பக்கத்தில் உட்கார்ந்து வரைவது உயிருக்கே ஆபத்து, இந்த மலையில் வருஷா வருஷம் கேள்விப்படுகிறோம், அதனால் அது வேண்டவே வேண்டாம்.

ஸ்கேன்: ஏ3 ஸ்கேனர் நம் பக்கம் கிடைப்பது கஷ்டம், கோயம்புத்தூர் போக வேண்டும். ஆனால் பனி மூடிய காலை பத்து மணிக்கு வெளியில் வைத்துப் போட்டோ எடுத்தால் அதைவிட நல்ல வெளிச்சம் ஸ்டூடியோவில் கூட வராது, நிழலே விழாது, மினுக்கும் இல்லை. செல்போனைத் தாளுக்கு நேராக, சாயாமல் பிடியுங்கள், பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுத்தால் பிற்பாடு நிறத்தைச் சரிசெய்ய உதவும். வாட்ஸ்அப்பில் அனுப்பி அதை இறக்கி ஏற்றாதீர்கள், அளவு சுருங்கிவிடும், அந்தத் தப்பை நிறையப் பேர் செய்கிறார்கள். கட்டணம் கட்டுவதற்கு முன்னால் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவிடுங்கள், கட்டிய பிறகு மூடிவிடுங்கள்.

தேர்வானால் கண்ணாடி போட்டு அனுப்பாதீர்கள். நான் ஒரு தடவை வாடிக்கையாளருக்காகக் கண்ணாடிச் சட்டத்தோடு கட்டி அனுப்பினேன். போய்ச் சேர்ந்தபோது கண்ணாடி உடைந்து தாளைக் கிழித்திருந்தது, அந்த அம்மா என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. அக்ரிலிக் தகடு போடலாம், இல்லை சட்டமே இல்லாமல் இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவில் வைத்து அனுப்பி, சட்டத்தை அங்கேயே போடச் சொல்லலாம். சுருட்டிக் குழாயில் வைப்பது கனமான பருத்தித் தாளுக்குச் சரிப்படாது.

—

சோலையோரம்:

எட்டு நாள் கழித்து வருகிறேன். மாமனாரைக் கூட்டிக்கொண்டு நாலு காலை போனேன், காட்டோரச் சாலையிலேயே நின்றோம். முதல் இரண்டு நாள் பனியைத் தவிர எதுவும் இல்லை. மூன்றாம் நாள் சத்தம் மட்டும் கேட்டது, கருமந்தி என்றார் மாமனார், நான் புறா என்றேன், அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நாலாம் நாள் ஏழேகாலுக்குப் பனி திறந்தது, எதிர் மரத்தில் இரண்டு உட்கார்ந்திருக்கின்றன, எத்தனை நேரமாகவோ தெரியவில்லை.

படத்தில் பார்த்ததற்கும் நேரில் பார்ப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்! சாம்பல் என்று நினைத்திருந்தேன். கழுத்தைத் திருப்பியதும் பச்சையும் ஊதாவுமாக மின்னியது, மயில்கழுத்துப் பட்டு என்று சொல்வோமே, இந்தப் பக்கம் பிடித்தால் ஒரு நிறம், அந்தப் பக்கம் பிடித்தால் ஒரு நிறம், அது. முதுகு மங்கிய அரக்கு. பிடரியில் கட்டம் இருக்கிறது, ஆனால் சதுரங்கப் பலகை மாதிரி நேராக இல்லை, ஒவ்வொரு இறகின் நுனியும் வெள்ளை, அது கீழ் இறகின் கறுப்பில் உட்காருகிறது, தலையைக் குனிந்தால் கட்டம் விரிகிறது, நிமிர்ந்தால் சுருங்கிவிடுகிறது. ஸ்மாக்கிங் தையலில் துணி விரிவதும் சுருங்குவதும் அப்படியே. இதை எப்படி வரைவது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது, புலி மீசைக்கு இரண்டு மாசம் ஆனது.

பெரிய தாளில் புறாவை ஓரத்தில், கால் பங்குக்கும் குறைவாக வைத்திருக்கிறேன். மீதி முழுக்க மரம், பாசி, தொங்கும் கொடி, கீழே ஒரு மூலையில் தேயிலை வரிசையும் ஒரு தகரக் கூரையும். பாம்பாற்றங்கரை அண்ணா பைன் மரம் வரைந்ததை நினைத்துத் தேயிலையை எடுத்துவிடலாமா என்று பார்த்தேன். எடுக்கவில்லை. சோலை அங்கேதான் முடிகிறது. குறிப்பில் எழுதிவிட்டேன், தலைப்பு 'சோலை முடியும் இடம்'.

வீட்டுக்காரர் பணம் கொடுத்தார், நான் கேட்கவே இல்லை, மாமனார் சொல்லியிருக்கிறார் போல.

ஒரு சந்தேகம். புறா ஒரு பழத்தைத் தின்றது, முழுசாக விழுங்கியது. பழம் சின்ன நெல்லி அளவு, கறுப்பு, அடியில் ஒரு சின்னக் கிண்ணம் மாதிரி காம்பு. இலை தோல் மாதிரி தடிமன், பளபளப்பு. என்ன மரம்? தப்பான பழத்தை வாயில் வைத்துவிடக் கூடாது.

—

மை_தொட்டவன்:

'சோலை முடியும் இடம்' நல்ல தலைப்பு அக்கா. முடிந்ததும் இங்கே போடாதீர்கள், முன்பே வெளியான படம் கூடாது என்று சில போட்டிகளில் விதி இருக்கும், பார்த்துவிட்டுப் போடுங்கள்.

—

பாம்பாற்றங்கரை:

கிண்ணக் காம்பு, தடித்த இலை என்றால் காட்டு இலவங்கப்பட்டைக் குடும்பமாக இருக்கலாம், இந்தப் புறாவுக்கு அந்த வகைப் பழம் ரொம்பப் பிடிக்கும். சாலையில் உதிர்ந்த இலை ஒன்றை எடுத்துக் கசக்கி முகர்ந்து பாருங்கள், பிரியாணி இலை மாதிரி வாசனை வருகிறதா? நடு நரம்போடு பக்கத்தில் இரண்டு நரம்பு அடியிலிருந்தே கிளம்பி நீளமாக ஓடுகிறதா என்றும் பார்த்துச் சொல்லுங்கள். இலையை வரையும்போது அந்த மூன்று நரம்புதான் முக்கியம்.

—

சோலையோரம்:

மாமனாரிடம் கேட்டேன், வாசனை வரும் என்கிறார், ஆனால் அவர் புறாவையே கருமந்தி என்றவர். மழை விட்டால் நாளைக் காலை போய்க் கசக்கிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் அண்ணா.